மைனஸ் பதினாறு

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. நல்ல பெயர்தான். அவர் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனின் முன்கதவில், இனிஷியலோடு, கறுப்பு பெயின்டில் எழுதியிருந்தது. ஆனால் மாமியார் வீட்டு வாசலை மிதித்ததும் அந்தப் பெயர் செருப்போடு வெளியே நின்றுவிடும். உள்ளே அவர் பெயர் மைனஸ். "மைனஸ் மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா" என்று மாமியார் சொல்வார். சொல்வதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்தாலாவது மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு ஆறலாம். பாசத்தோடு கூப்பிடுகிற வாயை என்ன செய்வது?

பெயர் வைத்தவர் சகலை. அதாவது, வேன்காரருடைய மனைவிக்கு அக்கா வீட்டுக்காரர். சகலை என்றால் யார்? நமக்கு முன்னாலேயே மாமனார் வீட்டுக்கு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டவர். இந்தச் சகலை டைல்ஸ் கடை வைத்திருந்தார். வழுக்கைத் தலை, கணீர்க் குரல், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. எந்தப் பேச்சு எடுத்தாலும் "சட்டப்படி பார்த்தா" என்றுதான் ஆரம்பிப்பார். பஸ்ஸில் ஜன்னலைத் திறப்பதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது.

வேன்காரருக்குக் கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு, சகலை அவரை டயர் கடைக்கு மேலே இருந்த, பில்லியர்ட்ஸ் மாதிரி குச்சியால் பந்து அடிக்கிற பூல் ஹாலுக்கு அழைத்துப் போனார். மச்சான்கள், சித்தப்பா வீட்டு ஆட்கள் என்று கூடவே ஒரு பட்டாளம். ஹாலில் மூன்று மேஜைகள். கீழேயிருந்து வரும் ரப்பர் வாடை. சுவரில் ஒரு கரும்பலகை. அதில் இரண்டே வரிகள்தான் எப்போதும் இருக்கும். மேலே, ஒரே மூச்சில் அதிகப் பந்து போட்டவர் பெயர். கீழே, ஒரு ஆட்டத்தில் எல்லோரையும்விடக் குறைவாக எடுத்தவர் பெயர். இன்னொருத்தர் வந்து முறியடிக்கிற வரைக்கும் இரண்டையும் அழிக்கக் கூடாது. அது அந்த ஹாலின் வழக்கம்.

"ஸ்ட்ரெயிட் பூல்னா ஒண்ணுமே இல்ல தம்பி," என்றார் சகலை, தோல் பையிலிருந்து சொந்தக் குச்சியை எடுத்துத் திருகி மாட்டிக்கொண்டே. "பதினஞ்சு பந்து. எந்தப் பந்த எந்தக் குழியில போடப்போறன்னு வாயத் திறந்து சொல்லணும், போடணும். பந்துக்கு ஒரு பாயின்ட். தப்புப் பண்ணா ஒண்ணு போச்சு. யாரு முதல்ல அம்பது எடுக்கறாங்களோ அவங்களுக்கு ஆட்டம். சும்மா அடிங்க."

வேன்காரர் அதுவரை குச்சியைக் கையில் தொட்டதில்லை. எப்படியோ இரண்டு பந்து போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் சகலைக்குப் பிடிக்கவில்லை என்பது பிற்பாடுதான் வேன்காரருக்கு உறைத்தது. அடுத்த அடியில் சகலை பந்து எதையும் குழியில் போடப் பார்க்கவில்லை. வெள்ளைப் பந்தை, அதாவது குச்சியால் அடிக்கிற பந்தை, மெல்லத் தட்டி, கும்பலாக நின்ற மற்ற பந்துகளின் முதுகில் கொண்டுபோய் ஒட்ட வைத்தார். அங்கிருந்து எந்தப் பக்கம் அடிப்பது? வெள்ளை ஒரு பந்தைத் தொட வேண்டும், தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து குழியில் விழ வேண்டும், இல்லாவிட்டால் மேஜை ஓரத்தில் போய் இடிக்க வேண்டும், வெள்ளை குழியில் விழவும் கூடாது. இதில் எது பிசகினாலும் தப்பு. வேன்காரர் அடித்தார், தப்பு. சகலை திரும்பவும் ஒட்ட வைத்தார். மறுபடியும் தப்பு. மூன்றாவதும் தப்பானதும் சகலை குச்சியைத் தூக்கிக்கொண்டு ஒரு குத்தாட்டமே ஆடிவிட்டார்.

"தொடர்ந்து மூணு தப்பு! சட்டப்படி பார்த்தா தனியா பதினஞ்சு போச்சு!"

ஹால்காரர் அன்றைக்குக் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். கணக்குப் பார்த்தவரும் சகலைதான். இரண்டு எடுத்ததில் மூன்று தப்புக்கு மூன்று போய், அதோடு பதினைந்தும் போய், மைனஸ் பதினாறு. அதற்கப்புறம் வேன்காரருக்கு ஒரு பந்துகூட விழவில்லை. சகலை ஐம்பதை முடித்துவிட்டுத் தானே சாக்பீஸை எடுத்து, கரும்பலகையின் கீழ் வரியில் எழுதினார். வீட்டுக்கு வருவதற்குள் பெயர் ஒட்டிவிட்டது.

பல வருஷம் அதைப் பொறுத்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தார். நாம் சிரித்தால் அவர்களுக்குச் சலித்துப்போய்விடும் என்று ஒரு நப்பாசை. சலிக்கவில்லை. மகளுக்கு வரன் அமைந்து, மாப்பிள்ளையின் அப்பா முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, வேன்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்குப் போய் நின்றார். சகலை முந்திக்கொண்டார். "வாங்க வாங்க! இவருதான் பொண்ணோட அப்பா. நாங்கல்லாம் மைனஸ்னுதான் கூப்பிடுவோம்." கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவரை உட்காரவே வைத்தார். சம்பந்தி நல்ல மனுஷர், வயிறு குலுங்கச் சிரித்தார். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "வரட்டுமா மைனஸ்?" என்றார்.

மகள் அப்போது உள்ளறைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகம் சுருங்கியதை வேன்காரர் பார்த்தார். அவளும் அந்தப் பெயரோடுதான் இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறாள், மைனஸ் பொண்ணு. அன்றைக்கு அவருக்கு வந்தது கோபம் இல்லை. கோபம் வந்து போய்விடும். இது வந்து குடியேறிவிட்டது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குக் காலையில் ஓட்டம், சாயங்காலம் ஓட்டம். நடுவில் பகல் முழுக்க வேனும் அவனும் மரத்தடியில் தூங்க வேண்டியதுதான். வேன்காரர் தூக்கத்தை விட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைக் கூட்டித் துடைத்துவிட்டு, டயர் கடை மாடிக்கு ஏறினார். அந்நேரத்துக்கு அங்கே ஈ காக்கை இருக்காது. ஹால்காரர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடுவார். கரும்பலகையின் கீழ் வரி மட்டும் விழித்துக்கொண்டிருக்கும்.

முதல் சில மாதங்கள் சுத்த வீண். ஒவ்வொரு பந்திலும் சகலையின் வழுக்கைத் தலையைப் பார்த்து, மண்டை உடையட்டும் என்று ஓங்கி அடித்தார். பந்துகள் நாலா பக்கமும் சிதறின, குழியில் மட்டும் விழவில்லை. வெறி பிடித்து அடித்து என்ன கண்டோம் என்று ஒருநாள் குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தார். மேட்டில் ஏறுகிற வண்டியை நாலாவது கியரில் போட்டு மிதித்தால் திணறி நின்றுவிடும். கோபம் இருக்கட்டும், அது எங்கேயும் போக வேண்டாம். ஆனால் முதல் கியரில் ஓடட்டும் என்று முடிவு செய்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பந்து தவறும்போதும் அடுத்ததை அடிக்காமல் நின்று, ஏன் தவறியது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது. பந்து விழுகிறதா என்று பார்க்கிற அவசரத்தில், அடிக்கும்போதே தலையைத் தூக்கிவிடுகிறார். தலை தூக்கினால் தோள் தூக்கும், தோள் தூக்கினால் குச்சி விலகும். மோவாயைக் குச்சிமேல் வைத்துக்கொண்டு, பந்து குழிக்குள் விழுந்த சத்தம் காதில் கேட்ட பிறகுதான் நிமிர்வது என்று வைத்துக்கொண்டார். கேட்கச் சின்ன விஷயம். பழக ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. வீட்டில் சாப்பிடும்போதுகூட யாராவது கூப்பிட்டால் உடனே நிமிராமல் இருந்தார். "காது மந்தமாயிடுச்சா?" என்று மனைவி கேட்டாள்.

பந்து விழ ஆரம்பித்தது. ஆனால் பதினாலு பந்து போட்டதும் ஆட்டம் அங்கேயே நின்றுபோகும். இந்த ஆட்டத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பதினாலு விழுந்ததும் கடைசிப் பந்தை அது நிற்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, மற்றவற்றை எடுத்துத் திரும்ப முக்கோணமாக அடுக்குவார்கள். அந்தக் கடைசிப் பந்தைக் குழியில் போடுகிற அதே அடியில், வெள்ளைப் பந்து போய் முக்கோணத்தை இடித்து உடைக்க வேண்டும். அதற்குக் கடைசிப் பந்து சரியான இடத்தில் இருக்க வேண்டும், வெள்ளையும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். வேன்காரருக்கு இரண்டுமே இருக்காது. ஒன்று கிழக்கே என்றால் மற்றது மேற்கே.

விடை பள்ளிக்கூட வாசலில் கிடைத்தது. புதிதாக வந்த ஒரு டிரைவர் வேனை மூக்கு உள்ளே போகிற மாதிரி சந்துக்குள் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் எடுக்க முடியாமல் விழி பிதுங்கிக்கொண்டிருந்தார். வேன்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "நிறுத்தும்போதே எடுக்கற வழியப் பாத்து நிறுத்தணும் தம்பி!" என்று கத்தினார். கத்திய வாய் அப்படியே திறந்தபடி நின்றது. அட மடையா, இதைத்தானே நீ மேஜையில் செய்யவில்லை!

அன்றிலிருந்து முழு ஆட்டம் ஆடுவதை நிறுத்தினார். மேஜையில் நாலே நாலு பந்தை வைத்துக்கொள்வார். எந்தப் பந்து கடைசியாக நிற்க வேண்டும், அதற்கு முந்தின பந்தை எங்கிருந்து அடித்தால் வெள்ளை தானாக வந்து சரியான இடத்தில் நிற்கும் என்று பின்னாலிருந்து முன்னால் யோசிப்பார். யோசித்து முடித்த பிறகுதான் குச்சியைத் தொடுவார். தவறினால் அதே நாலு பந்து, அதே இடத்தில். ஹால்காரர் பேப்பரை விலக்கிப் பார்த்துவிட்டு, "முழுசா ஆடறதுக்குத்தானே மேஜை, நாலு பந்த வெச்சு என்ன சமையலா பண்றீங்க?" என்று கேட்பார். வேன்காரர் அந்த நாலு பந்தை மறுபடியும் எடுத்து வைப்பார். அது முடிந்ததும் இன்னொன்று பழகினார். வெள்ளையைக் கும்பலின் முதுகில் ஒட்ட வைப்பது. அதை மட்டும் ரொம்ப ஆசையாகப் பழகினார்.

ஒருநாள் பகல், மருந்து கம்பெனி விற்பனையாளர்கள் இரண்டு பேர் பக்கத்து மேஜையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரிசையாக இரண்டு தப்புச் செய்ததும் மற்றவர், "ரெண்டு ஆச்சு, பாத்துக்கோ" என்றார். அவர் தலையாட்டிவிட்டு நிதானமாக அடித்தார்.

வேன்காரர் ஹால்காரரிடம் போனார். "எதுக்கு அவரு எதிராளிக்கு ஞாபகப்படுத்தறாரு?"

"ஞாபகம் இல்லீங்க, அது விதி. ரெண்டு தப்பு ஆனா எதிராளி வாய விட்டுச் சொல்லணும். சொல்லலேன்னா மூணாவது வெறும் தப்புதான், பதினஞ்சு போகாது. ஆட்டம் அப்படியே தொடரும். இது தெரியாதவன் எவன் இருக்கான்?"

வேன்காரர் கரும்பலகையைப் பார்த்தார். அன்றைக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இரண்டாவது தப்புக்குப் பிறகு சகலை செய்ததெல்லாம் விசில் அடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றதுதான். அப்படியானால் இரண்டு எடுத்தார், மூன்று போனது, மைனஸ் ஒன்று. அவ்வளவுதான் கணக்கு. இத்தனை வருஷமாக ஒரு பொய்க் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டு, அதற்குச் சிரிக்கவும் செய்திருக்கிறார். அன்று சாயங்காலம் வேனில் ஏறிய பிள்ளைகள், டிரைவர் அண்ணன் ஏன் ஹாரனை இப்படி அமுக்குகிறார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கத்தி மட்டும் வேகமாகப் போனது.

"இப்பவே போய் அவரு சட்டையப் புடிக்கறேன்."

"புடிச்சு? 'நான் அன்னைக்கே சொன்னேனே மைனஸ், உங்க காதுல விழல'ன்னு சொல்லுவாரு. எல்லாரும் அதுக்கும் சேத்து சிரிப்பாங்க. எங்க அத்தான எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஆட்டத்துல ஜெயிக்கறேன்."

"ஜெயிச்சா? 'பாவம், நான்தான் விட்டுக் குடுத்தேன்'பாரு." அவள் நறுக்குவதை நிறுத்தினாள். "என்னங்க, அவரு வாயாலயே வரணும். அந்த மாதிரி ஒரு ரெண்டு தப்பு அவருக்கு வரவைங்க. வந்த அப்புறம் நீங்களும் வாயத் திறக்காதீங்க. தன் பதினஞ்சு போகுதுன்னா எங்க அத்தான் சும்மா இருக்கற ஆளா? சட்டம் பேசுவாரு. நல்லா பேசட்டும்."

வேன்காரர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை காலமும் அந்தப் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அக்கா வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுவாள். இவருக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவருக்கு அவசரமே இல்லை. ஹால்காரரிடம், "நான் வர்றது யாருக்கும் தெரிய வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். தானாகப் போய் ஆட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது, அவர் வாயாலேயே கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தார். மகள் கல்யாணம் முடிந்து, சம்பந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார். சாப்பிட்ட கையோடு சகலை ஏப்பம் விட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"சம்பந்தி, அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கரும்பலகையப் பாக்கணுமா? வாங்க போவோம். என்ன மைனஸ், ஒரு ஆட்டம் போடலாமா? பயப்படாதீங்க, இந்தத் தடவ பதினாறோட நிறுத்திக்கறேன்."

"ஐயோ, எனக்கு எங்க சகலை ஆட வரும்," என்றார் வேன்காரர். பிறகு, எல்லோரும் வற்புறுத்திய பிறகு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுபடியும் அதே பட்டாளம், இந்தத் தடவை சம்பந்தியும் சேர்த்து. சகலை தோல் பையைத் திறந்து குச்சியைத் திருகினார். வேன்காரர் சுவரோரம் சாய்த்திருந்த ஹால் குச்சிகளில் ஒன்றை எடுத்தார். எந்தக் குச்சி நேராக இருக்கும் என்று அவருக்குத் தெரியும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கணக்கு எழுத ஹால்காரர் உட்கார்ந்தார்.

சகலை முதலில் ஒரு பந்தைப் போட்டார், அடுத்ததைத் தவறவிட்டார். வேன்காரர் குனிந்தார். "சிவப்பு, மூலைக் குழி," என்றார். மோவாய் குச்சிமேல். சத்தம் கேட்டது, நிமிர்ந்தார். "மஞ்சள், நடுக் குழி." சத்தம். நாலைந்து பந்து வரை எல்லோரும் "அட்ரா சக்கை!" என்று சிரித்தார்கள். அதற்கப்புறம் சிரிப்பு நின்றது. கடைசிப் பந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, முக்கோணம் அடுக்கப்பட்டது, ஒரே அடியில் பந்து குழிக்குள்ளும் வெள்ளை முக்கோணத்துக்குள்ளும் போனது. குச்சி நுனியில் தேய்ப்பதற்காகச் சகலை கையில் வைத்திருந்த சாக் துண்டு கீழே விழுந்து உருண்டது.

"எங்கய்யா கத்துக்கிட்டீங்க?"

"சும்மா அடிக்கறேன் சகலை. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

இருபத்தொன்று எடுத்தாயிற்று. அடுத்த பந்து குழி வாயில் நின்றுகொண்டிருந்தது, ஊதினாலே விழும். வேன்காரர் அதைத் தொடவில்லை. வெள்ளையை மெதுவாகத் தட்டி, மிச்சமிருந்த பந்துக் கும்பலின் முதுகில் ஒட்ட வைத்தார். "ஐயய்யோ, கையில கிடைச்சத விட்டுட்டாரே!" என்று சம்பந்தி தொடையில் அடித்துக்கொண்டார்.

சகலை சுற்றிச் சுற்றி வந்தார். வழி இல்லை. வெள்ளையை லேசாகத் தொட்டுவிட்டு, "ஒரு தப்பு, போகட்டும்" என்றார். வேன்காரர் திரும்பவும் ஒட்ட வைத்தார். சகலையின் நெற்றியில் வேர்த்தது. மறுபடியும் லேசாகத் தொட்டார். இரண்டு தப்பு.

இப்போது சொல்ல வேண்டும். ஹால்காரர் வேன்காரரைப் பார்த்தார். தொண்டையைக்கூடக் கனைத்தார். வேன்காரர் வெள்ளையை மூன்றாவது தடவையாக ஒட்ட வைத்துவிட்டு, விசில் அடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். சகலை வாயைத் திறக்காவிட்டால்? திறக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பந்து எடுத்தவருக்கு மூன்றும் பதினைந்தும் போனால் மைனஸ் பதினேழு. பலகையின் கீழ் வரி எப்படியும் அவருக்குத்தான். ஆனால் வேன்காரருக்கு அது போதாது.

இனிமேல் தொட்டுத் தப்பிக்க முடியாது என்பதால் சகலை ஓங்கி அடித்தார். கும்பல் சிதறியது. பந்துகள் மேஜை முழுக்க ஓடி, ஆளுக்கொரு மூலையில் நின்றன. வெள்ளைப் பந்து மட்டும் நிற்காமல் உருண்டு போய் மூலைக் குழிக்குள் விழுந்தது.

"மூணாவது தப்பு," என்றார் வேன்காரர், திரும்பி. "பதினஞ்சு போச்சு இல்லீங்களா?"

சகலை துள்ளிக் குதித்தார். "எப்படிப் போகும்? எப்படிங்கறேன்! சட்டப்படி பார்த்தா, ரெண்டாவது தப்பு ஆனதும் எதிராளி சொல்லணும். நீங்க சொன்னீங்களா? இல்ல சொன்னீங்களா? சொல்லலேன்னா மூணாவது செல்லாது! ஹால்காரரே, நீங்க சொல்லுங்க. இது நேத்து வந்த சட்டம் இல்ல. நான் குச்சி புடிச்ச நாள்லேர்ந்து இருக்கற சட்டம்!"

"சரியாச் சொன்னீங்க," என்றார் ஹால்காரர். "பதினஞ்சு போகாது."

"பாத்தீங்களா!" என்று சகலை கூட்டத்தைப் பார்த்தார்.

வேன்காரர் குச்சியைக் கீழே ஊன்றிக்கொண்டு நின்றார். குரலை உயர்த்தவில்லை. "குச்சி புடிச்ச நாள்லேர்ந்து தெரியும். சரி. அப்ப அன்னைக்கு எனக்கு ரெண்டு ஆனப்ப, யாரு சகலை சொன்னாங்க?"

மச்சான்களில் மூத்தவன்தான் முதலில் வாயைத் திறந்தான். அன்றைக்கும் அவன் அங்கே இருந்தவன். "அத்தான், நீங்க அன்னைக்கு ஜன்னல்கிட்ட போய் விசிலடிச்சுக்கிட்டு நின்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சகலையின் வழுக்கைத் தலை சிவந்தது. "அது... அது விளையாட்டுக்குய்யா. ஒரு தமாஷுக்கு."

"தமாஷா?" என்றார் வேன்காரர். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். சம்பந்தி சகலையை இரண்டு முறை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

ஆட்டம் முடியவில்லையே. பதினைந்து போயிருந்தால் பந்துகளை மறுபடியும் அடுக்கி, சகலையே முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். பதினைந்தைக் காப்பாற்றிக்கொண்டதால் ஆட்டம் அப்படியே தொடர்ந்தது. மேஜை முழுக்கப் பந்துகள் திறந்து கிடந்தன, குழியில் விழுந்த வெள்ளைப் பந்து, எடுத்து வைத்து ஆட வேன்காரரின் கையில். சட்டம் பேசி அந்த மேஜையைத் தூக்கிக் கொடுத்தவர் சகலைதான்.

வேன்காரர் முதல் பந்துக்குக் குனிந்தார். கோபம் நாலாவது கியருக்குத் தாவப் பார்த்தது. நிமிர்ந்தார், மூச்சு விட்டார், முதல் கியருக்குக் கொண்டுவந்தார். எந்தப் பந்து கடைசியில் நிற்க வேண்டும் என்று முதலில் பார்த்தார். பிறகுதான் அடித்தார். முக்கோணம் அடுக்கினார்கள், உடைத்தார். மறுபடியும் அடுக்கினார்கள், மறுபடியும் உடைத்தார். சகலை தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐம்பதாவது பந்து விழுந்த சத்தம் கேட்ட பிறகும் வேன்காரர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. மோவாயைக் குச்சிமேல் வைத்தபடி இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மற்றவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்.

ஹால்காரர் ஈரத்துணியோடு கரும்பலகைக்குப் போனார். "அப்ப அன்னைக்குச் சரியான கணக்கு மைனஸ் ஒண்ணு. இன்னைக்கு இவரு ஒண்ணு எடுத்து, மூணு விட்டு, மைனஸ் ரெண்டு." அவர் கீழ் வரியை அழுத்தித் துடைத்தார். பழைய சாக்பீஸ் லேசில் போகவில்லை. சகலையின் பெயரை எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

படியில் இறங்கும்போது சகலை வேன்காரரின் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, வீட்ல அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம். என்ன?"

"நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் சகலை," என்றார் வேன்காரர். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

அன்று சாயங்காலம் மாமியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. சகலை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "சகலை..." என்று வேன்காரர் கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார். சகலையின் டம்ளர் பாதி வழியில் நின்றது. மச்சான்கள் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். "...அந்தச் சர்க்கரையக் கொஞ்சம் தள்ளுங்க," என்று வேன்காரர் முடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "சகலை..." என்றார். அப்போது தண்ணீர் வேண்டியிருந்தது.

மாமியார் டீப் பாத்திரத்தோடு வந்தார். "மைனஸ் மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

"அத்தை!" என்று சகலை பதறினார். "இனிமே அவர அப்படிக் கூப்பிட வேணாம்."

"ஏன்? நீங்க வெச்ச பேருதானே?"

"நான்தான் வெச்சேன். தப்பு. அது அவரு பேரு இல்ல."

"அப்ப என்னன்னு கூப்பிடறது?"

சகலை எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. வேன்காரரின் மனைவி இந்தத் தடவை அடுப்படிக்குப் போகாமல் கதவோரம் நின்றாள். கடைசியில் சகலை தரையைப் பார்த்தபடி வேன்காரரின் பெயரைச் சொன்னார். வேனின் கதவில் எழுதியிருக்கிற பெயரை, மெதுவாக, பாதி விழுங்கி.

வேன்காரர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க சகலை," என்றார். "இனிஷியலோட. அத்தைக்குக் காதுல விழல."

மாமியாருக்குக் காது நன்றாகவே கேட்கும்.